பரவியதும் பரப்பியதும்

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் கலித்தொகை மடல் பாடல்களை நடத்திக்கொண்டிருந்தேன். மடலேறுதல் என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. விரும்பிய பெண் கிடைக்காத தலைவன் பனைமடலால் குதிரை செய்வான். எருக்கம்பூவும் எலும்பு மாலையும் சூடிக்கொண்டு அதன்மேல் ஏறி அவளுடைய ஊர்த்தெருவில் வருவான். ஊர் கூடும். இவனை இந்தக் கதிக்கு ஆளாக்கியவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். வேறு வழியில்லாமல் பெண் வீட்டார் அவளை அவனுக்குக் கொடுப்பார்கள். அவன் கையில் ஒரு துணி இருக்கும். கிழி என்று பெயர். அதில் அவளுடைய உருவம் எழுதப்பட்டிருக்கும். கோவை நூல்களிலும் உரைகளிலும் இந்தக் கிழியைப் பார்க்கலாம்.

கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, அவ படம் அவன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"அவனே வரைஞ்சதும்மா."

"அவகிட்டக் கேட்டானா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இது புலனெறி வழக்கு, நிஜத்தில் நடந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்று இருபது வருடமாகச் சொல்லிவரும் பதிலைச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. "அப்ப இது மிரட்டல்தானே அம்மா?" என்றாள். மணி அடித்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவள் தன் தோழியோடு துறைக்கு வந்தாள். தோழி வணிகவியல் படிப்பவள். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாளே ஒழிய நிமிர்த்தவில்லை. பள்ளி பிரிவு உபசார விழாவில் எடுத்த குழுப்படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி, வேறு யாரோ ஒருத்தியின் உடலில் ஒட்டியிருந்தார்கள். முதலில் அவளுக்கு மட்டும் வந்தது. பேசாவிட்டால் எல்லோருக்கும் போகும் என்று கூடவே ஒரு வரி. அவள் பேசவில்லை. போய்விட்டது.

இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்கப் போகும் முதல் பிரதி நானே எழுதியது. விஷயம் மேலே சென்றதும், கல்லூரியில் மாணவியருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம் என்று முடிவானது. தமிழில் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதால் அந்த வேலை தமிழ்த்துறைக்கு, அதாவது எனக்கு வந்தது. பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். பெரும்பாலும் இப்படி: "அண்மைக் காலமாக மாணவியரின் புகைப்படங்கள் இணையத்தில் தவறாகப் பயன்படுத்தப்பட்டு வருவதாகத் தெரியவருகிறது. எனவே மாணவியர் தங்கள் புகைப்படங்களைச் சமூக வலைதளங்களில் பதிவேற்றுவதைத் தவிர்க்குமாறும், முகப்புப் படமாக இயற்கைக் காட்சிகள் முதலியவற்றை வைத்துக்கொள்ளுமாறும், முன்பின் அறிமுகமில்லாதவர்களோடு உரையாட வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

சந்திப்பிழை ஒன்றும் இல்லை. முதல் வாக்கியத்தில் குற்றம் இருக்கிறது, செய்தவர் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் மூன்று கட்டளைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் எழுவாய் மாணவியர். முகப்புப் படத்தில் நிலமும் பொழுதும் இருக்கலாம், மரமும் பறவையும் இருக்கலாம். உரிப்பொருள் மட்டும் கூடாது. முதற்பொருளும் கருப்பொருளும் போதும் என்று ஒரு திணைக் கோட்பாட்டையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவர்களுக்குத் தனியாகச் சுற்றறிக்கை எதுவும் போகவில்லை. அவர்களை நோக்கி எழுத வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

இந்த நடை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் செய்தித் தமிழ் இப்படித்தான் எழுதுகிறது. 'மாணவியின் ஆபாசப் படம் இணையத்தில் பரவியது.' 'அந்தரங்க வீடியோ கசிந்தது.' 'காட்சிகள் வெளியாகி அதிர்ச்சி.' 'முகநூல் நண்பரிடம் ஏமாந்த பெண்.' 'இணைய மோசடியில் சிக்கிய ஆசிரியை.' பரவியது, கசிந்தது, வெளியானது, ஏமாந்தது, சிக்கியது. கு. பரமசிவம் தம் 'இக்காலத் தமிழ் மரபு' நூலில் இயங்குவினை, இயக்குவினை என்று பிரித்துக் காட்டும் இணைகளில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பரவு என்றால் பரப்பு உண்டு. வெளியாகு என்றால் வெளியிடு. ஏமாறு, ஏமாற்று. சிக்கு, சிக்கவை. ஒவ்வொரு வினைக்கும் பக்கத்திலேயே அதன் கர்த்தாவைக் கேட்கும் வினை தயாராக இருக்கிறது. 'பரப்பினான்' என்று எழுதினால் யார் என்று கேள்வி வந்தே தீரும். 'பரவியது' என்று எழுதிவிட்டால் அது காய்ச்சலைப் போல, தீயைப் போல, தானாக நடந்தது. காய்ச்சல் பரவும்போது எல்லோரும் நோயாளியைத்தானே ஒதுங்கியிருக்கச் சொல்கிறார்கள்?

கசிந்தது என்ற சொல் இன்னும் மோசம். கசிவதற்குப் பாத்திரத்தில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டைப் பாத்திரம் எது என்று சொல்லத் தேவையே இல்லை.

பெயர் தெரியாத குற்றவாளியை நிருபர் எப்படி எழுதுவார் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வங்கியில் கொள்ளை போனால் 'பணம் வெளியேறியது' என்று யாரும் எழுதுவதில்லை. மர்ம நபர்கள் கொள்ளையடித்தார்கள் என்று, ஆள் தெரியாவிட்டாலும், ஆளை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

ஆள் தெரிந்த இடத்திலும் சொல் அவனுக்குக் கை கொடுக்கிறது. 'ஒருதலைக் காதல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணை மாதக் கணக்கில் பின்தொடர்ந்தவன், அவள் கணக்குக்குள் நுழைந்தவன், அவள் படத்தை மாற்றிப் போட்டவன், சில வேளை அவளைக் கொன்றவன், எல்லோரும் நம் செய்திகளில் ஒருதலையாகக் காதலித்தவர்கள். கைக்கிளை என்று தொல்காப்பியம் சொன்னதன் நேரடி வாரிசு இந்தச் சொல். மடலிலும் இதே கதைதான். மடலேறுவேன் என்று தலைவன் சொல்வதைத் தொல்காப்பியம் களவியலில், அன்புடைய காதலின் பேச்சுகளுக்குள் வைக்கிறது. உண்மையிலேயே ஏறிவிட்டால்தான் அது பெருந்திணை, பொருந்தாக் காமம். அதாவது சொன்னால் காதல், செய்தால் பிழை. மிரட்டும் வரைக்கும் அது அகத்துக்குள்ளேயே இருக்கிறது. காவல் நிலையத்தில் "இன்னும் எதுவும் போடலையே, மிரட்டத்தானே செஞ்சான்" என்று என் மாணவியின் தோழியிடம் சொல்லப்பட்டபோது எனக்குக் களவியல் நூற்பாதான் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னவர் தொல்காப்பியம் படித்திருக்க மாட்டார். படிக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனாலும் மடலையும் இந்தப் படத்தையும் ஒன்றென்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. என் பாட்டனார் சொத்தைக் காப்பாற்றும் பாசத்தால் சொல்லவில்லை. மடலில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: ஏறுகிறவன் தெருவில் நிற்கிறான். பனங்கருக்கு அவன் உடம்பைத்தான் கிழிக்கிறது. ஊர் சிரிப்பது அவனைப் பார்த்து. நாணத்தைத் துறந்தவன் அவன். குறளில் அந்த அதிகாரத்துக்கு நாணுத்துறவுரைத்தல் என்றே பெயர். கிழியில் இருக்கும் பெண்ணுக்கும் அலர் எழும், அவளும் நெருக்கப்படுகிறாள், உண்மை. ஆனால் எழுவாய் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைக்குத் தெருவில் வருவது கிழி மட்டும். குதிரை இல்லை, ஏறியவன் இல்லை, எருக்கம்பூ இல்லை. படம் தன்னந்தனியாக வந்து நிற்கிறது. பரவியது என்ற வினைமுற்றுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது.

பொள்ளாச்சியைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி புகார் கொடுத்தார். பெண்களை நட்பாகப் பழகி வரவழைத்து, வன்முறை செய்து, அதைப் படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்துத் திரும்பத் திரும்ப மிரட்டிய ஒரு கும்பல் வெளிச்சத்துக்கு வந்தது. ஊடகங்கள் இதற்கு வைத்த பெயர்களில் ஒன்று 'பொள்ளாச்சி ஆபாச வீடியோ விவகாரம்'. வன்முறை போய் வீடியோ வந்தது, குற்றம் போய் விவகாரம் வந்தது, ஆபாசம் என்ற அடை அந்தப் பெண்களின் உடலில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பெண்ணின் அழுகுரலைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. நியாயம் கேட்பதற்காகத்தான் ஒலிபரப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரலுக்கு உரியவரிடம் யாரும் கேட்கவில்லை. மாவட்டக் காவல் அதிகாரி செய்தியாளர்களிடம் புகார் கொடுத்தவரின் பெயரைச் சொன்னார். வழக்கை மாற்றும் அரசாணையிலும் அவருடைய அடையாளம் அச்சாகி வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பரப்பியவர்கள் பட்டியலில் கும்பல் மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. எந்தக் கருவிகளில் பதிவுசெய்து மிரட்டினார்களோ அவையே சாட்சியாயின. புகாரிலிருந்து தீர்ப்புக்கு ஆறு வருடம். அத்தனை காலமும் அந்தப் பெண்கள் சாட்சியத்தை மாற்றிச் சொல்லவில்லை. நமக்கு அவர்கள் பெயர் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனால் தைரியம் என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்கும் மாணவிகளுக்கு நான் இப்போது இவர்களைத்தான் சொல்கிறேன்.

படம் போடாதே என்ற அறிவுரைக்கு வருகிறேன். அக்கறையோடு சொல்லப்படுவதுதான். என் அம்மா எனக்குச் சொன்னாள், நானும் என் அக்கா மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பயன் தந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். வீட்டார் புகார் கொடுத்த பிறகும் அது அகற்றப்படவில்லை. அடுத்த படமும் வந்தது. அவர் உயிரை விட்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்பதுதான் அவர் எழுதிவைத்த கடிதத்தின் வேதனை. தாமதத்துக்குக் காவல்துறை பிறகு மன்னிப்புக் கேட்டது. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி முதல் நாளில் 'புல்லி பாய்' என்று இரண்டு செயலிகள் வந்தன. கிட்ஹப் தளத்தில் உருவாக்கி, முஸ்லிம் பெண்களை ஏலம் விடுவதுபோல் படங்களை வரிசைப்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தரங்கப் படம் இல்லை. பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், ஒரு விமானி எல்லாம் தங்கள் பெயரோடும் வேலையோடும் பொதுவில் வைத்திருந்த சாதாரணப் படங்கள். உடை குறைவு என்று யாரும் வாய் திறக்க முடியாத படங்கள். பேசிய பெண்களை, அதிலும் சிறுபான்மைப் பெண்களை, பொதுவெளியிலிருந்து விரட்டுவதுதான் நோக்கம். முகப்புப் படத்தில் சூரியகாந்திப் பூவை வைத்துக்கொள் என்று நம் சுற்றறிக்கை சொல்கிறது. ஏலம் விட்டவனும் அதைத்தான் கேட்டான்.

சட்டத்தின் மொழிக்குள்ளும் இதே முடிச்சு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 67ஆம் பிரிவு ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. காவல் நிலையங்களுக்கு நன்கு பழகிய பிரிவு அதுதான். அந்தப் பிரிவின் கேள்வி, படம் ஆபாசமா என்பது. அவள் சம்மதித்தாளா என்பது அதன் கேள்வியே இல்லை. அதனால் ஒரு பெண் நம்பிக்கையில் தானே அனுப்பிய படத்தைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகும்போது, முதலில் அனுப்பியது நீதானே என்று அவளையே பார்க்க அதில் இடமிருக்கிறது. 66இ பிரிவு வேறு வகை. ஒருவரின் அந்தரங்க உறுப்பின் படத்தை அவருடைய சம்மதமின்றி எடுப்பதும் வெளியிடுவதும் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. சம்மதம் என்ற சொல் இங்கே வந்துவிட்டது. ஆனால் வெட்டி ஒட்டிய படத்தை என்ன செய்வது? முகம் அவளுடையது, உறுப்பு யாருடையதோ. முகத்துக்கு நேரும் அவமானத்தை இந்தப் பிரிவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவில் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சட்ட வாக்கியம் அது. படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லையென்றால், காட்டுவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 77ஆம் பிரிவு. ஒரு செயலுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொரு செயலுக்குக் கொடுத்ததாகாது. கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கிறது. நம் திருமணங்களுக்கும் இதை எழுதிவைத்திருக்கலாம். மாணவிகள் எண்களை மறந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு விளக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 78ஆம் பிரிவு பின்தொடர்தலைப் பற்றியது. ஒரு பெண் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் அதற்குள் வரும். ஒருதலைக் காதல் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அகற்றும் வேலை யாருடையது என்பது அடுத்த கேள்வி. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில், நிர்வாணமாகவோ பாலுறவுச் செயலிலோ ஒருவரைக் காட்டும் படங்களை, மாற்றி உருவாக்கிய படங்களையும் சேர்த்து, அவர் தரப்பில் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2026 தொடக்கம் வரை இருந்தது. அவர் தரப்பிலிருந்து புகார் வர வேண்டும், கவனியுங்கள். அதற்கு அவர் முதலில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும், சுட்டியை நகலெடுக்க வேண்டும், திரையைப் படம் பிடித்துச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு இன்னொரு தளத்தில் முளைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தன் அந்தரங்கக் காணொளிகளை நீக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். நீக்கியவை வேறு தளங்களில் மறுபடி தலைகாட்டின. விசாரணையின்போது ஆண் காவலர்கள் முன்னிலையில் அவர் அந்தக் காணொளியைப் பார்க்க நேர்ந்ததும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சட்டம் படித்த, வாதாடத் தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை. வணிகவியல் முதலாண்டுக்காரி என்ன செய்வாள்?

எங்களுக்கு உதவிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கானது. அங்கே படத்தைப் பதிவேற்றத் தேவையில்லை. நம் கைப்பேசிக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்கோவை உருவாகிறது. கைரேகை மாதிரி. கைரேகையிலிருந்து ஆளை வரைந்துவிட முடியாது அல்லவா, அதேபோல் எண்கோவையிலிருந்து படத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அது மட்டும் போகிறது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதே ரேகையுள்ள படம் வந்தால் தடுக்கின்றன. சேராத தளங்களில் பயனில்லை. படத்தைக் கொஞ்சம் வெட்டியோ திருத்தியோ போட்டால் தப்பிவிடவும் கூடும். இருந்தாலும் ஒரு பெண் தன் படத்தை இன்னோர் ஆளிடம் காட்டாமலே புகார் சொல்ல முடிகிறது. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் சொல்லாமல் பதியலாம்.

கர்த்தாவைக் கண்டுபிடி என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்த எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. அரசும் அதைத்தான் சொல்கிறது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளை அரசு அடையாள ஆவணங்களோடு இணைக்கக் கோரி வழக்குகள் வந்தன. இணையத் துன்புறுத்தலைத் தடுப்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற விவாதமும் அங்கே சூடுபிடித்தது. 2021 விதிகளில் அது கட்டாயமாகவே வந்துவிட்டது. காரணமாகச் சொன்ன குற்றங்களில் பாலியல் வன்முறையும் இருக்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவியது போய்ப் பரப்பினான் வரப்போகிறது என்று நினைத்தேன். யோசித்தால் வேறொன்று தெரிகிறது. முதலில் அனுப்பியவர் யார் என்று எந்தச் செய்திக்கும் சொல்ல வேண்டுமென்றால், எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் தடம் வைத்திருக்க வேண்டும். கணவனின் அடியைத் தங்கைக்கு எழுதும் பெண், சாதி மாறிக் காதலிக்கும் பெண், தொழிற்சங்கம் அமைக்கும் பெண், இவர்களுடைய பூட்டும் அதே பூட்டுதான். நம் மானத்தைச் சொல்லி நம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது. தோழியின் விஷயத்தில் செய்தவன் யாரென்று முதல் நாளே தெரியும். பக்கத்துத் தெரு. பள்ளியில் உடன் படித்தவன். ஆசிரியையாக எனக்குத் தெரியவந்த நிகழ்வுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆள் தெரியாதது அங்கே தடையாக இருக்கவில்லை. தெரிந்த ஆளின் பெயரை எழுதிக்கொள்ள யாரும் பேனாவை எடுக்காததுதான் தடை.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன, அந்தரங்கம் என்றும் தனியுரிமை என்றும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது இரண்டு சொல்லாலும் அதை எழுதினார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்தரங்கம் மூடிவைப்பது. திறந்துவிட்டால் போயிற்று, கற்பைப் போல. தனியுரிமை என்றால் யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்று நான் முடிவுசெய்வது. ஒருவருக்குக் காட்டியபின்பும் அது என்னிடம் இருக்கும். தனியுரிமை என்ற பெயரில் வீட்டுக்குள் நடக்கும் கொடுமை மறைக்கப்பட்டுவிடும் என்ற பெண்ணிய விமர்சனத்தையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது. நம் செய்திகளில் இன்னும் அந்தரங்கம்தான்.

அந்தரங்கம் என்று நினைப்பதால்தான் தீர்வும் பூட்டுவதாகவே இருக்கிறது. தோழியின் வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே அவள் கைப்பேசியை வாங்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, நல்ல மனிதர்கள்தான். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழும். விழுந்த செய்தி அண்ணனுக்கு வரும். எந்தப் படிவம் நிரப்பினாலும் கடவுச்சொல் அண்ணனுக்கு வரும். தேர்வுக் கட்டணம் கட்ட அவன் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தாள். வகுப்புக் குழுவில் வரும் அறிவிப்புகளை என் மாணவி ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57. அந்த 54க்குள் இவள் இருந்தாள். ஒரே மாலையில் வெளியே போனாள். படம் போட்டவனிடம் அவனுடைய கைப்பேசி அப்படியேதான் இருந்தது.

புகார் இறுதியில் பதிவானது. மூன்றாவது முறை போனபோது. நானும் உடன் போயிருந்தேன், 77, 78 என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு. அவன் குடும்பம் சமாதானம் பேச வந்தது. கட்டிக்கொள்ளட்டும் என்று அதில் ஒரு பெரியவர் சொன்னார் என்று கேள்விப்பட்டபோது மடலின் கடைசிக் காட்சி கண்முன் வந்துபோனது. தோழி முடியாது என்றாள். வழக்கு நடக்கிறது. நான்கு மாதம் கழித்துக் கைப்பேசி அவள் கைக்குத் திரும்ப வந்தது.

மடலேறும் உரிமை பெண்ணுக்கு இல்லை என்பது தொல்காப்பிய விதி. திருமங்கையாழ்வார் அதை மீறிப் பெண்குரலில் இரண்டு திருமடல்கள் பாடினார். ஆனால் அது இறைவனை நோக்கி. மனிதத் தெருவில் பெண்ணுக்குக் குதிரை கிடைக்கவில்லை. அவள் சார்பில் பேசத் தோழி மட்டும் உண்டு. நம் அகப்பாடல்களில் மிரட்டலை எடைபோடுபவள், அவனை அலையவிடுபவள், நேரம் பார்த்து உண்மையைப் போட்டு உடைப்பவள் தோழிதான். என் மாணவி செய்தது அந்த வேலை. இலக்கணத்தில் அவளுக்குக் கூற்று உண்டு. கல்லூரியின் புகார்ப் படிவத்தில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு.

சுற்றறிக்கையைத் திருத்தி எழுதினேன். மாணவர், மாணவியர், பணியாளர் அனைவருக்கும் என்று தொடங்கி, ஒருவர் படத்தைச் சம்மதமின்றி எடுப்பவர், மாற்றுபவர், அனுப்புபவர், வந்ததை அழிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளுபவர் மீது எந்தெந்தப் பிரிவில் நடவடிக்கை வரும் என்று எழுவாயோடு எழுதினேன். பாதிக்கப்பட்டவர் படத்தைக் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். மேலே போய்த் திரும்பி வந்தபோது 'அடுத்தவருக்குத் தள்ளுபவர்' அடிக்கப்பட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் பாதிக் கல்லூரியின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பருவத்தின் அகமதிப்பீட்டுத் தேர்வில் மடல் மரபு பற்றி ஒரு பத்து மதிப்பெண் வினா வைத்தேன். என் மாணவி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பனைக்குதிரை, எருக்கு, களவியல், பெருந்திணை எல்லாம் சரியாக வந்திருந்தன. கடைசியில் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தாள். திருமணம் முடிந்த பிறகு அந்தக் கிழி யாரிடம் இருந்தது, அதை எரித்தார்களா, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்களா என்று வகுப்பில் பார்த்த எந்த உரையிலும் இல்லை என்று. ஒன்பது போட்டேன். ஒரு மதிப்பெண் சந்திப்பிழைக்கு.